நகரவாசிகளுக்கான சூழல் தகவல் பலகையை வடிவமைப்பது எப்படி?

நகரங்களின் பெயரில் இன்று இயங்கும் டாஷ்போர்டுகளில், அதாவது தரவுகளைத் திரையில் தொகுத்துக் காட்டும் பலகைகளில், பெரும்பாலானவை நகரத்தை நிர்வகிப்பவர்களை மனத்தில் வைத்து உருவானவை. ரியோ டி ஜெனிரோவில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செயல்பாட்டு மையத்தின் பெருந்திரைகள், போக்குவரத்து நெரிசலையும் மழையையும் மண்சரிவு அபாயத்தையும் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கானவை. லண்டனுக்காக 2012இலும் டப்ளினுக்காக 2014இலும் வெளியான டாஷ்போர்டுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்றாலும், நகரில் என்ன நடக்கிறது என்பதை ஒரே இடத்தில் காட்டுவதே அவற்றின் முதன்மை நோக்கமாக இருந்தது. தண்ணீர், மின்சாரம், குப்பை, பயணம் ஆகியவற்றில் மக்களின் அன்றாடப் பழக்கத்தைச் சற்றேனும் மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு தகவல் பலகையை அமைப்பது இவற்றிலிருந்து வேறுபட்ட வேலை. அதிகாரிக்கு நகரத்தின் நிலை தெரிந்தால் போதும், மேற்கொண்டு உத்தரவிடும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி திரையைப் பார்ப்பவரிடம் இருப்பது தன் வீட்டுக் குழாயும் மின்விசைப் பலகையும் பயணச்சீட்டும்தான்.

ஆகவே, பலகையில் இடம் கேட்கும் ஒவ்வோர் எண்ணிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதைப் பார்ப்பவர் இன்றோ இந்த வாரத்துக்குள்ளோ எதைச் செய்தால் இந்த எண் நகரும்? விடை இல்லாத எண் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் முகப்புக்கு வரக் கூடாது. அதை இரண்டாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எதைக் காட்டுவது?

வழக்கமாக இத்தகைய திட்டங்கள் எல்லாத் துறைகளுக்கும் கடிதம் எழுதி, கையில் உள்ள தரவுகளைக் கேட்டு வாங்குவதில் தொடங்குகின்றன. வந்து சேர்ந்த நாற்பது கோப்புகளுக்கும் ஆளுக்கொரு கட்டம் ஒதுக்கப்படுகிறது. எந்தத் துறையையும் மனம் நோகச் செய்யாத பலகை அமைந்துவிடும், ஆனால் அதைப் பார்க்க ஆள் இருக்காது. தொடக்கத்தைத் தலைகீழாக்குவதே நல்லது. முதலில் ஒரு தாளில், மக்கள் செய்யக்கூடியவை எனத் தோன்றும் செயல்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை யார் செய்ய முடியும், வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அது சாத்தியமா, செய்தால் எவ்வளவு மிச்சமாகும், அந்த மாற்றம் எந்த அளவீட்டில் எத்தனை நாளில் தெரியும் என்பவற்றைக் குறியுங்கள். கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் செயல்கள் ஐந்தோ ஆறோ தேறும். முகப்பில் அத்தனை கட்டங்கள் போதும்.

இரண்டாவது கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூரையில் சூரியத் தகடு பொருத்துங்கள், பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றுங்கள் என்பவை சொந்த வீடும் சேமிப்பும் உள்ளவர்களுக்கான அறிவுரைகள். பலகையில் உள்ள அறிவுரைகள் எல்லாம் அவ்வகையாகவே இருந்தால், நகரில் பாதிப்பேரை நோக்கி அது பேசவே இல்லை என்று பொருள்.

மூன்றாவது கேள்வி, அதாவது எவ்வளவு மிச்சம் என்பது, மக்கள் இயல்பாகத் தவறாகக் கணிக்கும் இடம். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் 505 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பல்வேறு கருவிகளும் செயல்களும் எடுக்கும், மிச்சப்படுத்தும் ஆற்றலைப் பங்கேற்றவர்கள் சராசரியாக 2.8 மடங்கு குறைத்து மதிப்பிட்டது தெரியவந்தது. ஆற்றலைச் சேமிக்க எது சிறந்த வழி என்று கேட்டபோது, திறன் மிக்க கருவிக்கு மாறுவதைவிட விளக்கை அணைப்பது போன்ற செயல்களையே அதிகம் பேர் சொன்னார்கள். எனவே பலகையில் சொல்லப்படும் செயலோடு அதன் அளவும் சேர்ந்தே வர வேண்டும். அளவு இல்லாமல் பத்துச் செயல்களை வரிசையாகப் போட்டால், வாசகர் அவற்றில் எளிதானதைச் செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்.

சில எண்கள் கவர்ச்சியாக இருந்தும் சோதனையில் தோற்கும். நகரின் ஆண்டு மொத்தப் பசுங்குடில் வாயு வெளியேற்றம் அவற்றில் ஒன்று. கணக்கு முடிந்து வெளியாகும்போதே ஓராண்டுக்கு மேல் பழையதாகிவிடும் அந்த எண்ணை ஒரு தனி மனிதரின் செயல் கண்ணுக்குத் தெரியும்படி அசைக்காது. மக்கள் எந்த விகிதத்தில் நடந்தும் மிதிவண்டியிலும் பேருந்திலும் செல்கிறார்கள் என்பது எப்போதாவது நடக்கும் வீட்டு ஆய்வுகளிலிருந்து வரும் எண் என்பதால், அதை நேரலை போலக் காட்டுவது ஏமாற்று வேலையாகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு பாலத்தில் மிதிவண்டி எண்ணும் கருவியை வைத்து அங்கேயே காட்டலாம். சியாட்டில் நகரின் ஃப்ரீமான்ட் பாலத்தில் 2012இல் அப்படியொரு கம்பம் நிறுவப்பட்டது. கடந்து செல்பவரின் கணக்கும் அன்றைய எண்ணிக்கையில் சேருகிறது என்பதே அதன் பலம்.

குப்பையில் வேறொரு பொறி இருக்கிறது. மறுசுழற்சி விகிதம் என்ற சதவீதத்தை எல்லோரும் விரும்புகிறார்கள். ஒரு வீடு சென்ற ஆண்டைவிட இரண்டு மடங்கு பொட்டலங்களை வாங்கி, அவற்றின் அட்டைகளை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தால் அந்த வீட்டின் மறுசுழற்சி விகிதம் உயரும், ஆனால் மொத்தக் குப்பையும் கூடியிருக்கும். அதனால் முகப்பில் காட்ட வேண்டியது, எடைமேடைக் கணக்கிலிருந்து கிடைக்கும் தலா கிலோகிராம். பிரித்துக் கொடுக்கப்பட்டதில் எவ்வளவு கலப்படமாகி மறுபடியும் குப்பைமேட்டுக்கே போனது என்பதையும் அதன் கீழே சிறிய எழுத்தில் காட்டினால், பிரிப்பவர்களுக்கு உண்மையில் பயன்படும் தகவல் அதுவாகவே இருக்கும்.

ஒரு கட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம்

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேர் வாழும் ஒரு நகரம் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் விநியோகிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்துப் பார்த்தால் தலா 150 லிட்டர் வரும். பல பலகைகள் இந்த எண்ணைத்தான் காட்டும். ஆனால் அந்த 15 கோடியில் 25 சதவீதம் குழாய்க் கசிவிலும் கணக்கில் வராத இணைப்புகளிலும் போகிறது, இன்னொரு 15 சதவீதம் தொழிற்கூடங்களுக்கும் வணிக வளாகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் செல்கிறது என்றால், வீடுகளுக்கு வந்து சேர்வது 9 கோடி லிட்டர், அதாவது தலா 90 லிட்டர்தான். 150 என்று காட்டிக் குறைக்கச் சொன்னால், வீட்டு மீட்டரைப் பார்த்துத் தன் கணக்கைப் போட்டுக்கொள்ளும் ஒருவர் தன் எண்ணிக்கை சராசரிக்குக் கீழே இருப்பதாக எண்ணி நிம்மதியடைவார். ஊர் முழுக்க அப்படியே நிம்மதியடையும்.

ஆகவே அந்தக் கட்டத்தில் பெரிய எழுத்தில் ‘வீடுகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 90 லிட்டர்’ என்று இருக்கட்டும். அதற்குக் கீழே ‘சென்ற ஆண்டு இதே வாரத்தில் 96’ என்ற ஒப்பீடு வேண்டும். நேற்றோடு ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனெனில் விடுமுறை நாள், மழை நாள் என்று தினசரி ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும். மூன்றாவதாக ஒரே ஒரு செயல்: ‘ஷவர் குளியலில் ஒரு நிமிடம் குறைத்தால் சுமார் 9 லிட்டர் மிச்சம்’ என்பது போல. அடுத்த வாரம் அது மாற வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் உணவு வண்ணம் சில துளிகள் விட்டு, தண்ணீர் திறக்காமல் கால் மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் நிறம் தெரிகிறதா என்று பார்த்தால், ஓசையின்றி ஒழுகும் வால்வைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாத, உடனே செய்து பார்க்கக்கூடிய செயல். நான்காவதாக ‘குழாய்க் கசிவிலும் கணக்கில் வராமலும் போவது தலா 37.5 லிட்டர்’ என்ற வரியும், அந்த மாதம் நிர்வாகம் அடைத்த கசிவுகளின் எண்ணிக்கையும். இந்த வரியை விட்டுவிடச் சொல்லி நிச்சயமாக அழுத்தம் வரும். விடக் கூடாது.

அளவு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த சிக்கல். வீட்டு மீட்டர்களை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் நகரத்தில் தினசரி வீட்டுப் பயன்பாடு என்ற தரவே கிடையாது. அங்கே ஒவ்வொரு பகுதியின் நுழைவுக் குழாயிலும் உள்ள பெரிய மீட்டரை நம்ப வேண்டும். அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை ஊர் உறங்கும்போதும் அந்தக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கசிவு என்பது நீர்ப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு. அதைக் கழித்தால் பயன்பாட்டின் தினசரி மதிப்பீடு கிடைக்கும். நாள் முழுவதும் தண்ணீர் வராத நகரங்களில் இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் தண்ணீர் திறந்துவிடப்படும் நேரத்தில் எல்லாத் தொட்டிகளும் ஒருசேர நிரம்புகின்றன. அத்தகைய நகரங்களில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஒரு பகுதியின் தலா அளவு குறைவாக இருப்பது சிக்கனத்தால் இல்லாமல் தண்ணீர் வராததாலும் இருக்கலாம். அந்தப் பகுதிக்குப் பச்சை நிறம் கொடுத்துப் பாராட்டினால், அங்குள்ளவர்கள் அந்தப் பலகையை ஒருநாளும் மன்னிக்க மாட்டார்கள். விநியோகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்த நாட்களில் அந்தப் பகுதியின் எண்ணுக்குப் பதிலாக ‘இன்று குறைந்த விநியோகம்’ என்று மட்டும் காட்டுங்கள்.

நகரச் சராசரியைத் தன்னோடு பொருத்திப் பார்க்க வாசகருக்கு ஒரு வழி வேண்டும். மெல்போர்ன் நகரம் வறட்சிக் காலமான 2008இல் தொடங்கிய இயக்கம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டர் என்ற இலக்கையே தன் பெயராகக் கொண்டிருந்தது. கேப் டவுன் 2018 பிப்ரவரி 1 முதல் தலா 50 லிட்டர் என்ற வரம்பை விதித்தது. இந்த எண்கள் மக்கள் நாவில் நின்றதற்குக் காரணம், கோடி லிட்டர்களைப் போலல்லாமல் அவை ஒரு மனிதரின் ஒரு நாளைச் சொன்னதுதான். உங்கள் பலகையின் இணையப் பக்கத்தில், இரண்டு நாட்களின் மீட்டர் அளவையும் வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையையும் இட்டால் தலா லிட்டரைச் சொல்லும் சிறிய கணக்கியை வையுங்கள். அந்தக் கணக்கு வாசகரின் கைப்பேசிக்குள்ளேயே முடிய வேண்டும், சர்வருக்கு எதுவும் போகக் கூடாது.

மின்சாரமும் காற்றும்

தண்ணீருக்குச் சொன்னவற்றில் பெரும்பகுதி மின்சாரத்துக்கும் பொருந்தும், ஆனால் வானிலை இங்கே மிகப் பெரிய பங்கு வகிக்கிறது. வெயில் சற்றுத் தணிந்த ஒரு மாதத்தில் யூனிட்டுகள் குறைந்ததற்கு மக்களைப் பாராட்டிவிட்டு, அடுத்த கோடையில் ஏறியதற்குக் குறை சொல்லும் பலகை உண்மையில் வெப்பமானியைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் ஓர் அடிப்படை அளவிலிருந்து எத்தனை பாகை விலகியது என்பதைக் கூட்டிவரும் பாகை-நாள் கணக்கைக் கொண்டு திருத்திய பிறகே ஆண்டு ஒப்பீட்டைக் காட்டலாம். திருத்தப்பட்ட எண் என்பதை அந்த இடத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எப்போது மின்சாரத்தைப் பயன்படுத்துவது என்பதும் ஒரு செயல்தான். பிரிட்டனில் 2017 முதல், மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்பதையும் வரும் மணிநேரங்களுக்கான முன்கணிப்பையும் பொதுவில் வெளியிடுகிறார்கள். அத்தகைய தரவு கிடைக்கும் நாட்டில், துணி துவைக்கும் இயந்திரத்தை மாலை ஆறு மணிக்குப் போடலாமா அல்லது மறுநாள் நண்பகலுக்குத் தள்ளலாமா என்று கேட்பவருக்கு ஒரே பார்வையில் விடை சொல்லும் கட்டத்தை அமைக்கலாம்.

காற்றின் தரம் நான் முதலில் சொன்ன சோதனையில் தேறாது, ஆனாலும் அதை முகப்பில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. மக்கள் தேடி வருவது அதைத்தான், வந்தவர்கள் மற்றவற்றையும் பார்ப்பார்கள். அதை நடத்தைக்கான கட்டமாக எண்ணாமல் உடல்நலப் பாதுகாப்புக்கான கட்டமாக வடிவமைத்து, இன்று வெளியில் ஓடலாமா, ஆஸ்துமா உள்ளவர்கள் என்ன செய்யலாம் என்பதை எழுதுங்கள். எந்த நாட்டுக் காற்றுத் தரக் குறியீடு என்பதை மறைக்காதீர்கள். பிஎம் 2.5 நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமாக இருக்கும்போது இந்தியக் குறியீடு 100ஐத் தொடும், அமெரிக்கக் குறியீடோ ஏறத்தாழ 35இலேயே 100ஐத் தொட்டுவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வழிகாட்டு அளவு 15தான். குறியீட்டு எண்ணோடு மைக்ரோகிராம் அளவையும் சேர்த்துக் காட்டினால், ‘அந்தச் செயலியில் வேறு எண் காட்டுகிறதே’ என்று கேட்பவருக்குப் பதில் அங்கேயே இருக்கும்.

யாரோடு ஒப்பிடுவது?

பலகை மக்களை அசைக்கும் மிக வலிமையான கருவி ஒப்பீடு, மிக எளிதாகக் கையை வெட்டக்கூடியதும் அதுவே. கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் சுமார் 290 வீடுகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. அக்கம்பக்கத்துச் சராசரி மின்பயன்பாட்டைத் தெரிவித்ததும், சராசரிக்கு மேலே இருந்த வீடுகள் குறைத்துக்கொண்டன. சராசரிக்குக் கீழே இருந்த வீடுகளோ, ‘நாம்தான் தேவையில்லாமல் சிக்கனமாக இருக்கிறோம் போலும்’ என்பதைப் போலப் பயன்பாட்டைக் கூட்டின. குறைவாகப் பயன்படுத்தியவர்களுக்கு அதே எண்ணோடு ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பியபோது அந்த ஏற்றம் மறைந்தது. சராசரியை மட்டும் தனியாகக் காட்டக் கூடாது, குறைவாகப் பயன்படுத்துவதை ஊர் மெச்சுகிறது என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் வடிவமைப்பு விதி. சராசரிக்குப் பக்கத்தில், சிக்கனமான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளின் அளவையும் குறித்துவிட்டால் சராசரியிலேயே தங்கிவிடும் போக்கு குறையும்.

பகுதிகளை வரிசைப்படுத்தி முதலிடம், கடைசியிடம் என்று அறிவிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தோட்டமும் தனி வீடுகளும் நிறைந்த பகுதியையும் சிறு குடியிருப்புகள் நெருங்கிய பகுதியையும் ஒரே பட்டியலில் போட்டால் வெளிப்படுவது வருமானமும் குடும்ப அளவும்தான். ஒவ்வொரு பகுதியையும் அதனுடைய சென்ற ஆண்டோடு ஒப்பிடுவது நியாயமானது, அதிகம் குறைத்த பகுதியைப் பாராட்டவும் அது இடம் தரும்.

வீடு வாரியாகக் காட்டியதற்கும் முன்னுதாரணம் உண்டு. கடும் வறட்சியின் நடுவே 2018 ஜனவரியில் கேப் டவுன் வெளியிட்ட வரைபடத்தில், மாதம் 6,000 லிட்டருக்குக் கீழே பயன்படுத்திய வீடுகளுக்கு அடர்பச்சைப் புள்ளியும், அதற்கு மேல் 10,500 லிட்டர் வரை பயன்படுத்திய வீடுகளுக்கு வெளிர்பச்சைப் புள்ளியும் இருந்தன. மீறியவர்களுக்குச் சிவப்புப் புள்ளி இல்லை என்பது நல்ல முடிவு, ஆனால் புள்ளியே இல்லாத வீடு எது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதா என்ன? தனியுரிமை குறித்த எதிர்ப்பும் எழுந்தது. அந்நகரின் நீர்ப் பயன்பாடு சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது உண்மை. அதில் கட்டண உயர்வுக்கும் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளுக்கும் குழாய் அழுத்தக் குறைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. குழாய் வற்றிவிடும் என்ற அச்சம் நிலவிய காலத்தில் ஒரு நகரம் பொறுத்துக்கொண்டதைச் சாதாரண நாட்களில் வேறொரு நகரத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

தனியுரிமைக்குத் தெளிவான எல்லையை முன்கூட்டியே வகுப்பது நல்லது. கூட்டிக் காட்டப்படும் ஒரு தொகுப்பில் குறைந்தது 15 நுகர்வோராவது இருக்க வேண்டும், அவர்களில் எவர் பங்கும் மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஆற்றல் தரவுக்குப் பின்பற்றப்படும் விதி. கால் மணிக்கு ஒரு முறை பதிவாகும் மின்மீட்டரின் வரைபடம், வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதையும் சொல்லிவிடும் என்பதால், தனி வீட்டுத் தரவு அந்த வீட்டாரின் கணக்குக்குள்ளே மட்டும் இருக்கட்டும்.

நிர்வாகமும் தன் கணக்கைக் காட்ட வேண்டும்

தெருவிளக்குகள், அலுவலகக் கட்டடங்கள், நீரேற்று நிலையங்கள், குப்பை வண்டிகள் ஆகியவற்றின் பயன்பாடு பலகையில் இல்லாவிட்டால், மக்கள் அதைத் தங்கள் மீது வைக்கப்பட்ட கண்காணிப்புக் கருவியாகவே படிப்பார்கள். பகலிலும் எரியும் தெருவிளக்கின் கீழ் நின்றுகொண்டு ‘விளக்கை அணையுங்கள்’ என்ற வாசகத்தைப் படிப்பவருக்கு வரும் எரிச்சலை எந்த வண்ணமும் வடிவமும் தணிக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘நீங்கள்’ என்ற வரிக்கு இணையாக ‘நாங்கள்’ என்ற வரி இருக்கட்டும். இலக்கைத் தவறவிட்ட மாதத்தில் அந்த வரி மறைந்துவிடாதபடி வெளியீட்டை இயந்திரத்திடமே ஒப்படைத்துவிடுங்கள். காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம் ஒன்று இருந்தால், நாளடைவில் நல்ல செய்திகள் மட்டுமே அதைத் தாண்டி வெளியே வரும்.

மக்களையும் பலகையில் பேச விடலாம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் நகரின் சூழல் டாஷ்போர்டு, நகரின் மின், நீர்ப் பயன்பாட்டைக் கேலிச்சித்திரப் பாத்திரங்களின் வழியே காட்டுவதோடு, ஊர்க்காரர்களின் படங்களையும் அவர்கள் செய்தவற்றைப் பற்றிய சொற்களையும் சுழற்சியில் காட்டுகிறது. எண்களைப் படிக்க விரும்பாதவர்களை அது நிறுத்திப் பார்க்க வைக்கிறது.

திரை

பொது இடத்துத் திரையைக் கடந்து செல்பவர் சில நொடிகளே பார்ப்பார், அதனால் அங்கே ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான். வரைபடங்களும் பின்னணி விளக்கங்களும் கைப்பேசிப் பக்கத்துக்குரியவை. சிவப்பும் பச்சையும் மட்டுமே பொருளைச் சுமக்கக் கூடாது. ஆண்களில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒருவருக்கு அந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். நிறத்தோடு அம்புக்குறியோ ‘குறைந்துள்ளது’ என்ற சொல்லோ இருக்கட்டும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் அளவு. வெயிலில் நிற்கும் திரைக்கு அதைவிட அதிகம் தேவைப்படும். பட்டை வரைபடங்களின் அச்சு பூச்சியத்தில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு சதவீத மாற்றம் மலைபோலத் தெரியும். நகரில் பேசப்படும் எல்லா முக்கிய மொழிகளிலும் வாசகங்கள் வேண்டும், அவற்றை அந்த மொழிக்காரர்களே எழுத வேண்டும்.

இரவு முழுவதும் முழு ஒளியில் எரியும் பெருந்திரையில் மின்சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதன் முரண்பாட்டை மக்கள் உடனே கவனித்துவிடுவார்கள். சுற்றுப்புற ஒளிக்கேற்ப மங்கும் திரையோ, படம் மாறும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும் மின்தாள் பலகையோ பொருத்தி, அது எடுக்கும் யூனிட்டையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

வெளியிடுவதற்கு முன், திட்டத்தோடு தொடர்பில்லாத சிலரை ஒவ்வொருவராக அழைத்துத் திரையைச் சில நொடிகள் காட்டி மறைத்துவிட்டு, என்ன புரிந்தது, என்ன செய்யத் தோன்றுகிறது என்று கேளுங்கள். விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில் வந்தால் கட்டம் தோற்றுவிட்டது. ‘எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்க்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால் அது வேலை செய்கிறது.

பின்னால் நடக்கும் வேலை

சென்சார்கள் பழுதாகும், மீட்டர் இணைப்புகள் அறுந்துபோகும். தரவு வராத நேரத்தைப் பூச்சியம் என்று காட்டினால், அன்று நகரம் தண்ணீரே குடிக்கவில்லை என்று பலகை அறிவித்துவிடும். இடைவெளியை இடைவெளியாகவே விட்டு, ‘காலை 9 மணி முதல் தரவு இல்லை’ என்று எழுதுங்கள். பூச்சியத்தைவிட ஆபத்தானது, பழுதான கருவி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்புவது. அது இயல்பான அளவாகவே தோன்றும். பல மணி நேரம் ஒரு தசமம்கூட மாறாத அளவீட்டைத் தானாகப் பிடித்து நிறுத்தும் சோதனையை முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். ஒவ்வோர் எண்ணின் அருகிலும் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம் இருக்கட்டும். பின்னர் திருத்தப்பட்ட எண்களுக்குத் திருத்தக் குறிப்பு வேண்டும். மூலத் தரவைச் சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாக யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தால், உங்கள் கணக்கில் உள்ள பிழையை ஊரில் உள்ள யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சொல்வார்.

இவை அனைத்துக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளரும் தொடக்கச் செலவுக்கு அப்பால் பராமரிப்புக்கான நிதியும் தேவை. சோதனைத் திட்டத்தின் பணம் தீர்ந்ததும் கைவிடப்பட்டு, பழைய தேதியோடு உறைந்து நிற்கும் பலகை, அடுத்து வரும் நல்ல முயற்சியின் மீதான நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

பலன் கிடைத்ததா?

பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது பலன் அல்ல. பலனை அறிய, திரைகளை எல்லாப் பகுதிகளிலும் ஒரே நாளில் நிறுவாமல், குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் முதலில் நிறுவி, மற்றவற்றில் ஓராண்டு கழித்து நிறுவுங்கள். நிதி எப்படியும் தவணையாகத்தான் வரும், அந்தத் தாமதத்தையே ஆய்வாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பிரிவுகளின் மீட்டர் அளவுகளுக்கும் இடையில் தோன்றும் வேறுபாடுதான் பலகையின் பங்கு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதில் நிதானம் தேவை. ஓபர்லின் கல்லூரி விடுதிகளில் 2005இல் நடந்த போட்டியின்போது மின்பயன்பாடு 32 சதவீதம் குறைந்தது, தண்ணீர் 3 சதவீதமே குறைந்தது. அது குறுகிய காலப் போட்டி, பரிசும் இருந்தது, அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த மாணவர்கள். அதற்கு மறுபுறம், அமெரிக்காவில் ஏறத்தாழ 6 லட்சம் வீடுகளுக்கு அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும் மின்பயன்பாட்டு அறிக்கைகளை அஞ்சலில் அனுப்பியதை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில் கிடைத்தது சராசரியாக 2 சதவீதக் குறைவு. வீட்டுக்கு வீடு சென்ற தனி அறிக்கைக்கே அந்த அளவு என்றால், தெருவில் நிற்கும் பொதுப் பலகையின் பெயரில் இரட்டை இலக்கத்தை வாக்களிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதே வகை அறிக்கைகளை இரண்டு ஆண்டுகள் அனுப்பிவிட்டு நிறுத்தியபோது, பலன் உடனே மறைந்துவிடாமல் ஆண்டுக்குப் பத்து முதல் இருபது சதவீதம் என்ற அளவில் தேய்ந்தது என்பது 2014இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. பழக்கம் ஓரளவு ஊன்றிவிடுகிறது என்று இதற்குப் பொருள்.

ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு கட்டத்தையும் இந்தக் கணக்கின் முன் நிறுத்துங்கள். இரண்டு ஆண்டுகளாக எந்த வேறுபாட்டையும் உண்டாக்காத கட்டத்தை எடுத்துவிட்டு, முதலில் தாளில் எழுதிய செயல்களில் அடுத்ததை அந்த இடத்தில் சோதியுங்கள். எடுத்ததற்கான காரணத்தையும் அளந்த முடிவையும் பலகையின் இரண்டாம் பக்கத்திலேயே வெளியிட்டால், இன்னொரு நகரத்தில் இதே வேலையைத் தொடங்குபவர்கள் அந்தக் கட்டத்துக்காகச் செலவழிக்க வேண்டியிருக்காது.